என் அண்ணன் மாட்டுக்கு வந்த பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். பேப்பரை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குள் குக்கர் கூவும். அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் தைரியமும் அணைந்து போயிருக்கும். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பும் தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயரும்தான். ஆனால் தயங்கியது அதற்காக இல்லை. என் மனதில் இருப்பது பகை. காலையில் விளக்கேற்றிக் கும்பிடுகிற கையால் அதை எழுதலாமா என்ற கூச்சம். கடைசியில் எங்கள் கருப்பரிடமே போய் நின்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறவருக்கா பகை தெரியாது என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வேற்று ஆள் இல்லை என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என் மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். எதிர்ச் சுவரில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சனியனே, யாரு பேர அடிச்சா யாரு பேரக் காட்டுற?"

"சரஸ்வதிய அப்படிப் பேசாத பாப்பா. கன்னத்துல போட்டுக்க" என்றேன்.

"நீயே வந்து பாரும்மா. அப்புறம் நீயும் திட்டுவ."

எட்டிப் பார்த்தேன். கறுப்பு ஜன்னல், வெள்ளை எழுத்து. சி ப்ரோகிராமாம், வீட்டுப்பாடமாம். அந்தக் கறுப்பு ஜன்னலில் தமிழில் ஒரு பெயரை அடித்து எண்டர் தட்டினால், ப்ரோகிராம் அதை வாசித்துக் கீழே அப்படியே காட்ட வேண்டும். பிறகு அடுத்த பெயரைக் கேட்கும். அவள் முதலில் தன் பெயரை அடித்தாள், சரியாக வந்தது. அடுத்து என் பெயர். முதல் எழுத்து தப்பாக விழ, அதை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். திரையில் என் பெயர்தான் தெரிந்தது, நானே பார்த்தேன். எண்டர் தட்டினாள். கீழே மறுபடியும் அவள் பெயரே வந்து நின்றது.

கீரைத் தண்டு என் கையிலேயே நின்றுவிட்டது. "எங்க, மறுபடி அடி" என்றேன். 

அவள் அதற்குச் சொன்ன விளக்கத்தைப் பின்னால் சொல்கிறேன். அது எனக்கு விளங்க வேண்டுமென்றால், முதலில் நீங்கள் என்னோடு ஒரு மாடிப்படி ஏற வேண்டும்.

லேப்டாப் சூடானால் ஒரு வாசம் வருமே, தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து. அந்த வாசத்தோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு வாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் மகள் பிறந்த புதிதில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர். புதுக்கோட்டையில் கீழராஜவீதியை ஒட்டிய ஒரு சந்தில், எண்ணெய்க் கடைக்கு மேல் மாடி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்குக் கீபோர்டுக்கெல்லாம் சந்தனம் வைத்து, அதில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டு, தீபாவளி வரைக்கும் நாங்கள் அடித்ததில் எல்லாம் ஒரு எழுத்து இரண்டு இரண்டாக விழுந்தது. சந்தனம் வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

முதலாளியை எல்லாரும் சென்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். பட்டம் வாங்கினவர். வாய் சாமர்த்தியம் உள்ளவர். அந்த வருஷம், நார்த்தாமலைப் பக்கம் ஓர் ஊர் ஜல்லிக்கட்டுக்கு ஒரு ப்ரோகிராம் செய்து தருவதாக ஒத்துக்கொண்டு வந்தார். அதுவரை மாட்டுக்காரர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்குக் கொடுப்பார்கள். மைக்குக்காரர் அந்தக் கோழிக் கிறுக்கலைத் தப்புத் தப்பாக வாசிப்பார், சண்டை வரும். இனிமேல் மேடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், வாடிவாசலில் மாடு நிற்கும்போதே டைப் அடிக்கிற ஆள் பெயரை அடிக்கும், அது பெரிய டி.வி.யில் கொட்டை எழுத்தில் வரும், மைக்குக்காரர் அதைப் பார்த்து வாசிப்பார். டைப் அடிக்கிற ஆள் நான். சென்டர்காரருக்குத் தமிழ் டைப் வராது.

ஆரம்பத்தில் என்ன பெயரை அடித்தாலும் டி.வி.யில் வரிசையாகக் கேள்விக்குறிதான் வந்தது. எங்கெங்கோ படித்துவிட்டு ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்தார். ப்ரோகிராமின் தொடக்கத்திலேயே இது எந்த ஊர், இங்கே என்ன பாஷை என்று அதற்குச் சொல்லிவிட வேண்டுமாம். பிறகு அகல எழுத்தாக வாசி என்று சொல்ல வேண்டுமாம். "இங்கிலீஷ் எழுத்துப் படுக்குற பாயில நம்ம எழுத்துப் படுக்காதும்மா. கை கால் நீட்ட எடம் வேணும்ல?" என்பார். அன்றைக்குத் தமிழ் எழுத்து திரையில் ஒழுங்காக வந்ததும் சிதறு தேங்காய் போட்டோம். எனக்கு ஏதோ நானே ராக்கெட் விட்ட மாதிரி இருந்தது.

சோதனைக்காக நாள் முழுக்கப் பெயர்களாக அடிப்பேன். தப்பாக அடித்தாலும் அழிக்கமாட்டேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. உயிரோடு இருக்கிறவர் பெயரை எழுதிவிட்டு அழிக்கிறதில்லை, கோடு போட்டு அடிக்கிறதில்லை. ரேஷன் கார்டில் பெயரை அடிப்பது செத்தவர்களுக்குத்தானே? அதனால் தப்பு வந்தால் அப்படியே எண்டரைத் தட்டிவிட்டு அடுத்த வரியில் சரியாக அடிப்பேன். சென்டர்காரர் சிரிப்பார்: "ஒன் பக்திக்கு இந்த ப்ரோகிராம்ல ஒரு தப்பும் மாட்ட மாட்டேங்குதும்மா." நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புண்ணாக்கு வாசம் என்றேன் அல்லவா? சேலையில் அந்த வாசத்தோடு நான் சாயங்காலம் குடுமியான்மலைப் பக்கம் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குப் போனால், தொழுவத்தில் செவலை தலையைத் தூக்கும். செவலை எங்கள் அண்ணன் வளர்த்த மாடு. வெளியாளுக்கு எமன், எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பூனைக்குட்டி. என் முந்தானையை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என் கையில் ஒரு மூச்சு விடும். மகள் அப்போது கைக்குழந்தை. வேலைக்குப் போகும்போது அவளை ஆத்தாவிடம் விட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் தூக்கிக்கொண்டு என் புகுந்த வீட்டுக்குப் போவேன். பஸ் ஸ்டாப்புக்கு என்னைக் கூட்டிப்போக, கூட்டிவர எல்லாம் அண்ணன்தான். தங்கையா என்று பெயர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் எனக்கு அப்பாவும் அவர்தான். அவருடைய டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால், அவர் பேச்சு பாதி காற்றில் போகும், பாதி எனக்கு வரும்.

"ஏத்தா, ஒன் மிஷினுக்கு என் பேரு தெரியுமா?"

"நான் அடிச்சாத் தெரியும்ணே."

"அப்ப நல்லா அழுத்தி அடி. போன தடவ மைக்குக்காரன் தங்கம்மான்னு வாசிச்சுப்புட்டான். செவலைக்கே வெக்கமாப் போச்சு. நாலு நாளு தண்ணி குடிக்கல."

"தண்ணி குடிக்காதது செவலையா, நீயா?"

"ரெண்டு பேருந்தான்" என்றார்.

ஜல்லிக்கட்டு அன்று மேடையில் நான் ஒருத்திதான் பெண். சாமி கும்பிட்டு, குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மாமனார் சுப்பையாவும் ஒரு மாடு கொண்டுவந்திருந்தார். சம்பந்திக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் மாடு ஏற்றி வந்ததால், வரிசையிலும் அடுத்தடுத்து நின்றார்கள். முதலில் மாமனார் மாடு. பெயரை அடித்தேன், டி.வி.யில் வந்தது, மைக்கில் வந்தது, மாடும் வந்தது. வந்த வேகத்தில் ஒரு பையன் திமிலைக் கட்டிக்கொண்டான். மாமனார் துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார்.

அடுத்தது செவலை. கண்ணை வாடியிலேயே வைத்துக்கொண்டு அடித்தேன். முதல் எழுத்தே தப்பாக விழுந்தது. அண்ணன் பெயரின் முதல் எழுத்து வேறு எழுத்தாக இருக்கிறது, மாடு வாடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னொரு வரி அடிக்க நேரம் இல்லை. பேக்ஸ்பேஸைத் தட்டினேன். அந்த எழுத்து திரையிலிருந்து போய்விட்டது. தங்கையா என்று அடித்தேன். வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். தங்கையா. எண்டர் தட்டினேன்.

டி.வி.யில் சுப்பையா என்று வந்தது.

"மறுபடியும் சுப்பையா வீட்டு மாடு! தொட்டுப் பார்! சுப்பையா மாட்டைத் தொட்டுப் பார்!" என்று மைக்குக்காரர் ஆரம்பித்துவிட்டார். "இல்லீங்க, இல்லீங்க, அது எங்கண்ணன் மாடு" என்று கத்தினேன். குழாய் ரேடியோ சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. செவலை வெளியே வந்துவிட்டது. வந்தது ஓடிப்போகவில்லை. களத்தின் நடுவில் நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, மண்ணைக் காலால் வாரி இறைத்து, வாங்கடா என்று ஒவ்வொருவனையும் பார்த்தது. நெருங்கினவர்கள் எல்லாம் வேலியில் தொங்கினார்கள். அப்படி ஒரு விளையாட்டை அந்தக் களம் அதற்கு முன் பார்த்ததில்லை என்று எதிரிகளே சொன்னார்கள். அவ்வளவு நேரமும் மைக்கில் சுப்பையா, சுப்பையா, சுப்பையா.

இதற்குள் சென்டர்காரர் ஓடிவந்தார். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் கறுப்பு ஜன்னலை மூடி மறுபடி திறந்தார். அடுத்த மாட்டிலிருந்து எல்லாப் பெயரும் சரியாக வந்தன. மூடித் திறந்ததை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

பரிசு கொடுக்கிற நேரம். சிறந்த மாட்டுக்கு இரும்புப் பீரோ. சுப்பையா என்று கூப்பிட்டார்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை ஏறினார்.

"எம் மாடுங்க அது. வேணும்னா கூட்டியாறேன், மூஞ்சியப் பாருங்க."

"மைக்குல என்ன பேரு வந்துச்சோ அதாம்ப்பா பேரு" என்றார் கமிட்டித் தலைவர். பிறகு சந்தேகம் வந்து சென்டர்காரரைப் பார்த்தார். "ஏங்க, மிஷினு மாத்திக் காட்டிருச்சா?"

சென்டர்காரர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"மிஷின் பொய் சொல்லாதுங்க. அந்தப் புள்ள என்ன அடிச்சுச்சோ அதுதான் வரும்."

அவ்வளவுதான் சொன்னார். கூட்டத்திலிருந்து ஒருவன், "புகுந்த வீட்டுக்குப் பேரு வாங்கிக் குடுத்துருச்சுய்யா புள்ள!" என்றான். வாடிவாசலிலிருந்து மேடை வரைக்கும் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் சோறு வடிக்கும்போது கேட்கிறேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "ஏத்தா, நீ யாரு பேர அடிச்ச?" என்றார், மெதுவாக.

"ஒன் பேரத்தான்ணே அடிச்சேன். கருப்பர் சத்தியமா."

அவர் சென்டர்காரரை ஒரு தடவை பார்த்தார். "அவரு படிச்சவரு" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

என் மாமனார் கெட்டவர் இல்லை. ஆனால் பீரோ என்றால் யாருக்குத்தான் கசக்கும்? "ஒங்க மாடு எங்க மாடு இல்லையா மாப்ள? சம்பந்தி வீட்டுக்குள்ள என்ன பிரிச்சுப் பேசிக்கிட்டு" என்று அண்ணன் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பீரோவை ஏற்றிவிட்டார். என் வீட்டுக்காரர் மறுவாரமே அதை ஒரு வண்டியில் போட்டுக்கொண்டுபோய் அண்ணன் வாசலில் இறக்கினார். அண்ணன் அதே வண்டியில் திருப்பி ஏற்றிவிட்டார். அது எங்கள் நடுவீட்டில் நின்றது. அதில்தான் என் கல்யாணச் சேலை இருந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்தக் கதவு கத்தும். எண்ணெய் விட்டும் நிற்கவில்லை. சென்டர்காரர் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் ஏன் என்று கேட்கக்கூடப் போகவில்லை.

மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். அண்ணன் வரவில்லை, அவர் பேச்சைத் தாண்ட முடியாமல் ஆத்தாவும் வரவில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடி கொடுத்தார். பிள்ளை அந்த மடியில் உட்காரமாட்டேன் என்று அழுதது. காது குத்தினதற்காக அழவில்லை. பிறகு அவள் பெரியவள் ஆனாள். தாய்மாமன் ஓலைக் குடிசை கட்ட வேண்டும். மூன்று நாள் முன்னால் போய்ப் பாக்குவெற்றிலை வைத்து அழைத்தேன். அண்ணன் தொழுவத்தில் செவலைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. செவலை மட்டும் கிழட்டுத் தலையைத் தூக்கி என் முந்தானையை முகர்ந்தது. "அத எதுக்குத் தேடுற? அது சுப்பையா வீட்டுப் பொம்பள" என்று மாட்டிடம் சொன்னார் அண்ணன். நான் தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்கெல்லாம் முன்பே, அந்தத் தை மாசம் முடிவதற்குள், நான் ஒரு காரியம் செய்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல் எங்கள் கருப்பர் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டேன். அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி, ஒரு காசைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்தால், மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும். வெட்டின ஆளும் வெட்டுப்பட்ட ஆளும் ஒன்றாக வந்து புதுக் காசு வைத்துக் கும்பிட்டால்தான் அது தீரும். காசு சேர்ப்பது என்பார்கள். சென்டர்காரர் பெயரைச் சொல்லி வெட்டினேன். காசு கெட்டியாக இருந்தது. நான் அதைவிடக் கெட்டியாக இருந்தேன்.

பலனைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த மாசமே என் மாமனார் குளத்தங்கரையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். சென்டர்காரரோ எண்ணெய்க் கடை மாடியை விட்டு மெயின் ரோட்டுக்கு வந்தார், பிறகு கண்ணாடிக் கதவு போட்டார், பிறகு சொந்தக் கட்டடமே கட்டினார். பஸ்ஸில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்: நான் ஒரு பெயரைச் சொல்ல, கருப்பரும் சுப்பையா என்றே வாசித்துவிட்டாரோ? இப்படி நினைத்ததற்கு அப்போதே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

போன ஆவணிக்கு முந்தின கார்த்திகையில் அண்ணன் இறந்துபோனார். வயலில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. தலைமாட்டில் போய் உட்கார்ந்து, அவர் காதோடு, "ஒன் பேரத்தான்ணே அடிச்சேன்" என்றேன். அண்ணி என்னைப் பார்த்தார்கள். "இப்பச் சொல்லி என்ன பண்ண? இருந்தப்பவே நம்பல" என்றார்கள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இதெல்லாம் ஆனபிறகுதான் ஆவணி ஞாயிற்றுக்கிழமையும் முருங்கைக்கீரையும். மகளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தாய்மாமனுக்கு நம்மைப் பிடிக்காது என்று மட்டும் தெரியும். நான் கேட்கக் கேட்க அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"நம்ம எழுத்து ஒண்ணு உள்ளுக்குள்ள மூணு துண்டா இருக்கும்மா. இந்த ஜன்னலுக்கு அது தெரியல. பேக்ஸ்பேஸ் அடிச்சா ஒரு துண்டத்தான் எடுக்குது. ஸ்கிரீன்ல எழுத்து போயிரும், நாம அழிஞ்சிருச்சுன்னு நெனைப்போம். உள்ள ரெண்டு துண்டு கெடக்கும். அது என்னன்னே புரியாம ப்ரோகிராம் மொத எழுத்துலயே முட்டிக்கிட்டு, ஒண்ணும் வாசிக்காம வெறுங்கையோட திரும்பி வந்துரும்."

"அப்ப கீழ வர்ற பேரு?"

"அது ஏற்கெனவே அங்க இருந்த பேரும்மா. புதுசு வரலைன்னா பழசு அப்படியே நிக்கும். வாசிச்சியா இல்லையான்னு ப்ரோகிராம் எழுதுறவன் ஒரு வார்த்தை கேக்கணும். கேக்காம விட்டா இப்படித்தான். நான் கேக்க மறந்துட்டேன்."

"மறுபடி சரியாக்க என்ன பண்ணுவ?"

"இப்போதைக்கு? மூடித் தொறக்கணும்."

நான் எழுந்து பூஜை அறைக்குப் போனேன். கும்பிடவில்லை. சும்மா நின்றேன். மகள் பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "கெளம்பும்மா" என்றாள்.

மறுநாள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். இப்போது அவரை எல்லாரும் டைரக்டர் சார் என்கிறார்கள். தலை நரைத்திருந்தது, நெற்றி நிறைய விபூதி. என்னை அடையாளம் தெரியவில்லை. "அட்மிஷனாம்மா? ஒக்காருங்க" என்றார். மகள் லேப்டாப்பை அவர் மேஜையில் வைத்தாள். நான் நின்றுகொண்டே சுப்பையா என்று அடித்தேன். பிறகு ஒரு தப்பு எழுத்து, ஒரு பேக்ஸ்பேஸ், பிறகு தங்கையா. எண்டர் தட்டினேன். சுப்பையா வந்தது.

அவர் முகம் மாறியது. அங்கே வேலை பார்க்கிற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"ஒங்களத் தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார்.

"எப்பத் தெரியுங்க ஒங்களுக்கு?"

"அன்னைக்கே. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாத்தேன். பேக்ஸ்பேஸ்."

"மறுநாளு சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பத்தாம்மா தொழிலு கால ஊனுது. மேடையில தப்புன்னு ஒத்துக்கிட்டிருந்தா என்னைய அங்கயே பொளந்திருப்பாங்க. மறுநாளு சொன்னா யாரு எங்கிட்ட வேலை குடுப்பா? பொம்பளப் புள்ள, ஒரு வாரம் பேசுவாங்க, மறந்துருவாங்கன்னு நெனச்சேன்."

மகள் என் கையைப் பிடித்தாள். பிடித்தது அவளுக்காகவா எனக்காகவா தெரியாது. 

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். அவருடைய மகளுக்கு வருகிற வரனெல்லாம் வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போகிறதாம். குறி கேட்கப் போன இடத்தில், யாரோ காசு வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்களாம். யோசித்துப் பார்த்ததில் என் முகம்தான் வந்ததாம்.

"ஒங்க அண்ணன்கிட்ட நானே வந்து சொல்றேம்மா. கால்ல விழச் சொன்னாலும் விழுறேன். நீங்க மட்டும் கோயிலுக்கு வந்து காசு சேத்து வச்சிருங்க. நம்ம ரெண்டு பேரும் புள்ள பெத்தவங்க."

 எத்தனை நாள் இந்த மனிதர் என் முன்னால் கையேந்தி நிற்க வேண்டும் என்று கும்பிட்டிருப்பேன். நின்றார். கருப்பர் சரியாகத்தான் வாசித்திருந்தார்.

"எங்கண்ணன் சரின்னு சொன்னா நானும் வாரேங்க" என்றேன்.

அவருக்கு உயிர் வந்துவிட்டது. "எங்கம்மா இருக்காரு? இப்பவே கார எடுக்கச் சொல்றேன்."

"எங்க ஊருக் கண்மாய்க்கு அங்கிட்டு. சுடுகாட்டுல."

அவர் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வந்துவிட்டோம்.  பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மகள், "அவரோட மக, அந்த அக்கா என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்குப் போடுகிறேன். அவளுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆகட்டும், மனதாரச் சொல்கிறேன். அது வேறு கணக்கு. கருப்பர் முன்னால் கிடக்கிற காசு கிடக்கட்டும். அதை நான் சேர்க்கமாட்டேன்.

இப்போது எதுவும் மிச்சமில்லை. செவலை போய்விட்டது, மஞ்சள் பூசி மாலை போட்டுக் கண்மாய்க் கரையில் புதைத்தார்களாம், எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. தொழுவம் இருந்த இடத்தில் அண்ணன் மகனின் கார் நிற்கிறது. எண்ணெய்க் கடையும் இல்லை, மாடியும் இல்லை. ஜல்லிக்கட்டுக்கு இப்போது ஆன்லைனில் பதிகிறார்கள். மாட்டுப் படமும் ஆள் படமும் சேர்ந்தே டோக்கனில் வருகிறது, யார் மாடும் யார் பெயரிலும் போகாது. மாமனார் போனபிறகு பீரோவைப் பழைய இரும்புக்குப் போட்டோம். மகளுக்குக் கல்யாணம் என்று ஒன்று வரும்போது மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் இல்லை. என்னை ஏத்தா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

ஒரு பொய் மைக்கில் சொல்லப்பட்டு ஊர் ஊராகப் போனது. அதற்குக் கால் முளைக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது நல்லதாக முடிக்கிறேன் என்று கடைசியில் என்னை மன்னிக்க வைத்துவிடாதீர்கள், நான் மன்னிக்கவில்லை. கதையைச் சுருக்குகிறேன் என்று பெயரை விட்டுவிடாதீர்கள். அன்றைக்குக் களத்தின் நடுவில் நின்று விளையாடியது தங்கையா வீட்டு மாடு. இப்படியே சொல்லுங்கள்.